குற்றமற்ற ஒன்றை வெட்டுவது

1

உண்ணிச்செடியின் பூங்கொத்தைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறங்கள் இருக்கும். நடுவில் மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் சிவப்போ ஊதாவோ. சின்ன வயதில் ஒரு பூவின் குழாயில் இன்னொரு பூவைச் செருகி மாலை கோத்திருப்போம். கறுத்துப் பழுத்த பழத்தைச் சிலர் தின்றும் இருப்போம். ரயில் பாதையோரம், ஏரிக்கரை, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு என்று எங்கும் இருக்கிற செடி. இலையைக் கசக்கினால் வருகிற நெடி கையை விட்டுப் போக நேரமாகும். புத்தகப் பெயர் லாண்டானா கமாரா.

அந்த நிறங்களுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. 1877-இல் தெற்கு பிரேசிலில் வாழ்ந்த ஃப்ரிட்ஸ் முல்லர் என்ற இயற்கையியலாளர் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். டார்வினோடு நீண்டகாலம் கடிதத் தொடர்பில் இருந்தவர் அவர். அங்கே அவர் பார்த்த லாண்டானாவின் ஒரு பூ மூன்று நாள் இருக்கும். முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. பட்டாம்பூச்சிகள் மஞ்சளைத் தேடி வருகின்றன, ஊதாவைத் தொடுவதே இல்லை. நூறாண்டு கழித்து, 1984-இல், டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச்.ஒய். மோகன் ராம் சக ஆய்வாளரோடு சேர்ந்து இதன் உள்வேலையைக் காட்டினார். மகரந்தம் வந்து சேர்ந்ததும் அந்தப் பூ நிறம் மாறத் தொடங்குகிறது. வேலை முடிந்த பூவும் உதிராமல் கொத்திலேயே நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கொத்து பெரிதாகத் தெரியும். கிட்டே வந்தால் எதில் தேன் இருக்கிறது, எதில் தீர்ந்துவிட்டது என்று நிறமே சொல்லிவிடும். தன்னிடம் வருகிறவரை அலையவிடாத செடி.

இதை முதலில் சொல்லக் காரணம், இந்தச் செடியை நம் காடுகளிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். வெட்ட வேண்டியதைப் பற்றி நல்லதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நியாயம். இந்தச் செடி ஒரு தப்பும் பண்ணலை. ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மனதில், ஒன்று மற்றொன்றை விழுங்காமல், வைத்திருக்க முடியுமா என்பதே என் கேள்வி.

2

லாண்டானாவின் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. காட்டின் ஓரத்திலும், மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடங்களிலும் முளைக்கும் புதர். அங்கே அதன் இலையைத் தின்ன, தண்டைத் துளைக்க, விதையைக் கெடுக்க ஏகப்பட்ட பூச்சிகள் உண்டு. அதனால் அது பல புதர்களில் ஒரு புதராகவே இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டக்காரர்கள் கண்ணாடிக் குடில்களில் வைத்து ஒன்றோடு ஒன்றைக் கலந்தார்கள். பூ பெரிதாக வேண்டும், நிறம் புதிதாக வேண்டும், பல சூழலையும் தாங்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான ரகங்கள் உருவாயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் சில, கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்து சேர்ந்தன. அங்கிருந்து துரைமார் வீட்டு வேலிக்கும், வேலியிலிருந்து காட்டுக்கும் போயின. வேலி தாண்டுவதற்குச் செடி தனியாக முயற்சி எதுவும் எடுக்கவில்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றது, பறந்தது, எச்சமிட்டது. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் காட்டில் பரவியிருப்பது அந்தக் கலப்பு ரகங்களின் வம்சம். அமெரிக்கக் காடு எதிலும் அது இதே வடிவில் இருந்ததில்லை. 'வந்த இடத்துக்கே திரும்பிப் போ' என்று இந்தச் செடியிடம் சொன்னால், அது போவதற்கு ஒரு இடம் கிடையாது. மனிதனின் அழகு ஆசைதான் அதன் சொந்த ஊர்.

குடகுக் காடுகளில் லாண்டானா பெரும் பிரச்சினையாகிவிட்டது என்று 1916-லேயே 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் கட்டுரை வந்துவிட்டது. இந்தியக் கானுயிர் நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் சுமார் 40 சதவீதத்தில், அதாவது ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், லாண்டானா இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஒரு லட்சத்து முப்பதாயிரம்தான்.

அது அடர்ந்த இடத்தில் புல் போய்விடும். புல் போனால் புள்ளிமானும் காட்டெருமையும் யானையும் தின்ன வேறு இடம் தேட வேண்டும். மரக்கன்றுகள் வெளிச்சத்துக்கு எழும்ப முடியாது. கோடையில் காய்ந்த கொடிபோன்ற தண்டுகள் தரைத் தீயை மரத்தின் உச்சி வரை ஏற்றிவிடும். மாடு இலையைத் தின்றால் ஈரல் கெட்டு, தோல் வெயில் தாங்காமல் புண்ணாகும். தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் காட்டுக்குள் போகிறவர்களுக்கு இதெல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் தெரியாது.

3

இப்படிப்பட்ட செடியை நாம் என்ன பெயரில் அழைக்கிறோம்? அந்நியத் தாவரம், ஆக்கிரமிப்புச் செடி, வந்தேறி. சூழலியல் கட்டுரைகளிலும் மேடைகளிலும் இந்த மூன்று சொற்களும் சகஜம். மூன்றாவது சொல்லைத் தமிழில் செடிக்குச் சொல்வதைவிட மனிதர்களுக்குச் சொல்வதுதான் அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் பெங்களூரில் பத்து வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். 'நீங்க எந்த ஊரு?' என்று கேட்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பேச்சைத் தொடங்குவதற்கான அன்பு. இன்னொன்று, கணக்கெடுப்பு. கேட்கிறவரின் முகத்தைப் பார்த்தாலே எது என்று புரிந்துவிடும். இதே கேள்வியைச் சென்னையில் ஒரு பீகார்க் கட்டடத் தொழிலாளியிடம் நம் ஆட்கள் எந்த விதத்தில் கேட்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததில்லை. அதனால் ஒரு செடியைப் பார்த்து 'வந்தேறி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

இந்தச் சொற்களின் பயணம் விசித்திரமானது. 1840களில் ஹெவெட் வாட்சன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிரிட்டனின் செடிகளை 'சுதேசி', 'அந்நியம்' என்றெல்லாம் வகைபிரித்தார். யார் குடிமகன், யார் அந்நியன் என்று தீர்மானித்த ஆங்கிலச் சட்டத்தின் சொற்கள் அவை. மனிதச் சட்டத்திலிருந்து அவை செடிக்குப் போயின. பிறகு செடியிலிருந்து மனிதனுக்குத் திரும்பி வந்தன, இந்த முறை அறிவியல் என்ற முத்திரையோடு. 1942-இல் நாஜி ஜெர்மனியில் தாவரவியலாளர்கள் சிலர், ஆசியாவிலிருந்து வந்து பரவிய ஒரு சிறிய காசித்தும்பை இனத்துக்கு எதிராக ஒழிப்புப் போர் வேண்டும் என்று எழுதினார்கள். அதை மங்கோலிய ஊடுருவலாகச் சித்திரித்து, போல்ஷெவிசத்தை எதிர்க்கும் போரோடு ஒப்பிட்டார்கள். அதே வருஷம் அதே நாட்டில் மனிதர்கள் மேல் என்ன நடந்துகொண்டிருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1958-இல் சார்லஸ் எல்டன் எழுதிய, இந்தத் துறைக்கே அடித்தளமான புத்தகத்தின் தலைப்பிலும் 'படையெடுப்பு' என்ற சொல் இருக்கிறது.

தமிழ் இதை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. கடல் தாண்டி வந்ததற்கு 'சீமை' என்று ஒரு முன்னொட்டு போடுவோம். சீமைக்கருவேலம், சீமைப்பசு, சீமையெண்ணெய். ஆனால் எல்லாவற்றுக்கும் போடுவதில்லை. மிளகாய் லாண்டானாவின் ஊர்க்காரன்தான், அதே அமெரிக்கக் கண்டம். அதற்கு நம் மிளகின் பெயரையே கொடுத்து, குழம்பில் போட்டு, நம்மவனாக்கிக்கொண்டோம். தக்காளி, முந்திரி, கொய்யா எல்லாம் அப்படியே வந்தவைதான். நீலகிரியின் காப்பி எத்தியோப்பியக் காட்டுப் புதர். லாண்டானாவுக்கும் சீமைப்பட்டம் கிடைக்கவில்லை. மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் உண்ணியின் பெயரை வைத்தோம். எங்கிருந்து வந்தது என்று பெயர் சொல்லவில்லை.

4

2011-இல் மார்க் டேவிஸ் உள்ளிட்ட 19 சூழலியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உயிரினங்களைப் பிறப்பிடத்தை வைத்து எடைபோடாதீர்கள், என்ன செய்கின்றன என்று பாருங்கள் என்பது அதன் சாரம். சில வாரங்களில் 141 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுப்பு அனுப்பினார்கள். பிறப்பிடத்தை மட்டும் வைத்து யாரும் எடைபோடுவதில்லை, ஆனால் வெளியிலிருந்து வந்தவற்றில் கேடு செய்பவை அதிகம், கேடு வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்றார்கள்.

நான் இந்தச் சண்டையைப் படித்தபோது, இரண்டு தரப்பும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன என்று தோன்றியது. காரணம் என்ன என்பது ஒரு கேள்வி. குற்றம் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. லாண்டானா எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்விக்கு மிக முக்கியமான தகவல். தன்னைத் தின்னும் பூச்சிகளை விட்டுவிட்டு வந்ததும் அது இங்கே இப்படி வளர்வதற்கு ஒரு காரணம். இதை நம்பித்தான் 1902-இல் மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைப் பிடித்து ஹவாய்த் தீவுகளில் லாண்டானா மேல் விட்டார்கள். ஒரு களையை அடக்க வெளியிலிருந்து பூச்சிகளைத் திட்டமிட்டு வரவழைத்த ஆரம்ப முயற்சிகளில் முக்கியமானது அது. இரண்டாவது கேள்விக்கு அதே தகவல் சல்லிக்காசுக்குப் பயன்படாது. பிறந்த இடம் ஒரு குற்றம் ஆகாது. செடிக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது.

'செடிக்கு எங்கே சார் குற்றம், புண்ணியம் எல்லாம்?' என்று கேட்கலாம். சரியான கேள்வி. செடிக்கு நோக்கம் கிடையாது, அதனால் குற்றமும் கிடையாது என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அரிவாளைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிடுகிறோம். கெடுதல் நடந்திருக்கிறது, நாம் ஒன்றை அழிக்கப்போகிறோம், அப்படியானால் அது கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு பின்னாலிருந்து கணக்குப் போடுகிறது. கொல்வதற்கு முன் கொல்லப்படுவதை அயோக்கியனாக்கிவிடுவது பழைய மனிதப் பழக்கம். செடியிடம் அது விளையாட்டுபோல இருக்கும். பழகிய கை அடுத்து எங்கே போகும் என்பதுதான் பயம்.

5

மென்பொருள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நள்ளிரவில் சர்வர் விழுந்து, காலைக்குள் எழுப்பி உட்காரவைத்த பிறகு, ஒரு ஆவணம் எழுதுவோம். என்ன நடந்தது, எப்போது, எதனால். இதில் யார் பெயரையும் குற்றவாளியாக எழுதக் கூடாது என்பது விதி. ஒருவர் தவறான கட்டளை அடித்தார் என்றால், அந்தக் கட்டளையைத் தடுக்காத அமைப்பு எது என்று கேட்க வேண்டும். பழி போட ஆரம்பித்தால் ஆட்கள் உண்மையை மறைப்பார்கள். மறைத்தால் அடுத்த முறையும் விழும்.

லாண்டானாவுக்கு அப்படி ஒரு ஆவணம் எழுதிப் பார்க்கலாம். செடி பறவையைக் கொண்டு பரவியது. தோட்டக்காரர்கள் அழகுக்காகக் கலப்பினம் செய்தார்கள். கம்பெனி அதைக் கப்பலில் ஏற்றியது. தேயிலைக்கும் காப்பிக்கும் தேக்குக்கும் காட்டை வெட்டியபோது, வெளிச்சம் விரும்பும் அந்தப் புதருக்கு வழி திறந்தது.

அடுத்த வரி, நெருப்பு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் கோடைக்கு முன்பே, ஈரம் முழுதாகக் காயாத நேரத்தில், தரையிலுள்ள சருகை மட்டும் எரிப்பார்கள். 'தரகு பெங்கி' என்று பெயர். நம் மொழியில் சொன்னால் சருகுத் தீ. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1974-இல் அந்த மலை சரணாலயமானது. சோலிகர்கள் காட்டின் உள்ளிருந்து ஓரத்துக்கு மாற்றப்பட்டார்கள், தீ வைப்பது தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகுதான் லாண்டானா காட்டை மூடியது என்கிறார்கள் அவர்கள். அந்த மலையில் 1997-இல் ஆய்வாளர்கள் பார்த்த இடங்களில் 40 சதவீதத்தில் லாண்டானா இருந்தது. 2008-இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது 80 சதவீதத்தில் இருந்தது. காட்டுத்தீதான் லாண்டானாவைப் பெருக்குகிறது, லாண்டானா தீயைப் பெருக்குகிறது என்ற கருதுகோளும் ஆய்வாளர்களிடம் இருந்தது. சோலிகர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகு, எந்தத் தீ, எந்த மாதத்துத் தீ என்று பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆக, நம் ஆவணம் அழகாக முடிந்துவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தோட்டக்காரனுக்கு அழகு, பறவைக்குப் பழம், வனத்துறைக்குக் காட்டைக் காக்கும் ஆசை. எல்லோரும் நல்லவர்கள்.

இங்கேதான் இந்த வழக்கத்தின் ஓட்டையும் தெரிகிறது. பழி இல்லாத ஆவணத்தின் கடைசியில் 'இனி செய்ய வேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தாக வேண்டும். பெயர் போடாவிட்டால் அந்த வேலை நடக்காது. யாரும் குற்றவாளி இல்லை என்ற கருணை, யாரும் பொறுப்பாளி இல்லை என்ற வசதியாக மாற ரொம்ப நேரம் பிடிக்காது. லாண்டானா விஷயத்தில் அது இருநூறு வருஷமாக நடக்கிறது. கொண்டுவந்த கம்பெனி இப்போது இல்லை. தோட்டங்களின் லாபம் எங்கோ போய்விட்டது. செடி மட்டும் சோலிகர் நடக்கும் பாதையில் நிற்கிறது. கெடுதலில் பங்கே இல்லாதவர்கள்தான் அதன் செலவை நாள்தோறும் கொடுக்கிறார்கள். அதை வெட்டுகிற கூலி வேலைக்கும் பெரும்பாலும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம்.

குற்றமும் பொறுப்பும் ஒன்றில்லை. குற்றம் பின்னால் திரும்பிப் பார்த்து ஒருவரைத் தேடும். பொறுப்பு, இப்போது யாரால் முடியும், யார் பலனை அனுபவித்தார்கள் என்று கேட்கும். நான் லாண்டானாவை நடவில்லை. ஆனால் தேயிலை குடிக்கிறேன், காப்பி குடிக்கிறேன், சஃபாரி வண்டியில் போய்ப் புலி தெரியவில்லையே என்று முணுமுணுக்கிறேன். பொறுப்பில் ஒரு பங்கு வர இது போதும்.

6

ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளும் லாண்டானாவோடு போராடிய இருநூறு வருஷக் கதையை 2012-இல் ஒரு ஆய்வுக்குழு தொகுத்தது. வெட்டினார்கள், எரித்தார்கள், மருந்து தெளித்தார்கள், பூச்சி விட்டார்கள். மூன்று நாடுகளிலும் செடி பரவிக்கொண்டேதான் இருந்தது. முழுதாக ஒழிப்பது நடக்காது, அதோடு வாழ்ந்தபடி கட்டுப்படுத்தும் வழியைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வந்த முடிவு.

ஏன் தோற்றார்கள் என்பதற்குச் செடியின் உடலிலேயே ஒரு பதில் இருக்கிறது. மேலே வெட்டினால் அடியிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். கோபத்தில் வெட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் வெட்டுவான். டெல்லிப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கிய முறை வேறு. மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே தலைவேரை அறுத்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாக வைத்துவிட வேண்டும், திரும்ப வேர் பிடிக்காமல் இருக்க. பழம் பழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பிறகுதான் அசல் வேலை ஆரம்பம். மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். பறவை உட்காரும் மரத்தடிகளில் முதலில் முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். வெற்றிடத்தை அப்படியே விட்டால் இன்னொரு களை வந்து உட்காரும், அதனால் அந்த இடத்துப் புல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்காகத் தமிழ்நாடு அரசும் 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதற்கு ஒரு நாள் போதும், புகைப்படமும் வரும். மீட்பதற்கு வருஷங்கள் வேண்டும்.

வெறுக்காமல் வெட்டுவது என்பதை நான் வெறும் மனப்பக்குவம் சார்ந்த விஷயமாகப் பார்க்காததற்கு இதுதான் காரணம். எதிரி என்று நினைத்தால் ஒரு போர் அறிவிப்போம், ஒரு நாள் முகாம் போடுவோம், ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போவோம். வெறுப்புக்குப் பொறுமை கிடையாது, மூன்றாம் வருஷம் நாற்றுப் பிடுங்க அது வராது. இது நம் கை பட்டுக் கெட்ட காடு, நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர் வருவார்.

கொஞ்சம் சிக்கலான நல்ல செய்தியும் உண்டு. கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் கலைஞர்கள் லாண்டானாத் தண்டுகளை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். தாங்கள் பக்கத்தில் வாழும் யானைகளைப் பார்த்தே செய்கிறார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-இல் அமெரிக்கா போயின. அட்லாண்டிக் தாண்டி வந்த புதர் யானையாகி அட்லாண்டிக் தாண்டிப் போயிருக்கிறது. நாற்காலி, கூடை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு செடி பிழைப்பாகிவிட்டால், அது தீர்ந்துபோவதை யார் விரும்புவார்? ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் தீர்வதற்குள் இந்தக் கவலை வராது என்று சிரித்துக்கொள்ளலாம். இருந்தாலும் ஒரு திட்டத்தைத் தீட்டும்போதே அதன் முடிவையும், அதன் பிறகு அந்தக் கைகளுக்கு என்ன வேலை என்பதையும் யோசிப்பதுதான் பொறுப்பு.

இன்னொரு இழப்பையும் மறைக்க விரும்பவில்லை. ஒரு சரிவிலிருந்து லாண்டானாவை எடுத்தால் அந்த வருஷம் அங்கே பட்டாம்பூச்சிகளுக்குத் தேன் குறையும், கொண்டைக்குருவிக்குப் பழம் குறையும். புதருக்குள் ஒளிந்திருந்த சிறு உயிர்கள் வெட்டவெளியில் நிற்கும். அவை எதுவும் நம் விவாதத்தில் கையெழுத்திட்டவை அல்ல. சரியான காரியத்தைச் செய்தாலும் அதில் ஒரு கடன் மிச்சம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது, பழம் தரும் உள்ளூர்ப் புதர்களை நட்டபடியே வெட்டுவது என்று சில வழிகளில் அந்தக் கடனை ஓரளவு அடைக்கலாம். செடியைக் குற்றவாளியாக்கிவிட்டால் இந்தக் கடன் கணக்கிலேயே வராது. அப்படியொரு கடன் இருப்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

2011-இல் பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்களுக்கு அந்தக் காட்டின் மேல் சமூக உரிமை சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை என்று சொல்லப்படுகிறது. சருகுத் தீக்கு இன்னும் தடை நீங்கவில்லை. எங்கே வெட்டலாம், எந்த மாதம் தீ வைக்கலாம், எந்தப் புதரைப் பறவைக்காக விட்டுவைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். 'இனி செய்ய வேண்டியவை' பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே கூலி மட்டும் எழுதியிருக்கிறோம். முடிவெடுக்கும் இடத்திலும் அந்தப் பெயரை எழுத வேண்டும். பணம் தரும் இடத்தில் எழுதப்பட வேண்டியவை நம் பெயர்கள்.